அப்பாக்களின் பெயருக்குப் போன மெயில்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது என் அம்மாவுக்கு இன்று வரை சரியாகப் புரியவில்லை. "மெயில் அனுப்புற ஆபீஸ்ல இருக்குது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். கேட்டவர்கள் அதைத் தபால் இலாகா என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு தடவை பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர், பென்ஷன் உண்டா என்று என்னையே கேட்டுவிட்டார். நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

இது இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நடந்தது. எங்கள் ஆபீஸ் புதுச்சேரியில், உப்பளம் பகுதியில், மோட்டார் பம்ப் ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே மோட்டாரை ஓடவிட்டுப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் மேசைகள் அதிரும். பாகூர் பக்கத்திலிருந்து நான் தினமும் ஸ்கூட்டியில் வருவேன். எம்.சி.ஏ. படித்துவிட்டு வீட்டில் முதல் ஆளாக டவுனுக்கு வேலைக்கு வந்தவள். வெளியூர்க் கம்பெனிகளின் தகவல்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு.

ஒருநாள் காலையில் ஒரு பெண் மாடியேறி வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய துணிக்கடையின் பெயரைச் சொல்லி, அந்தக் கடைக்காரரின் மகள் என்றார். எனக்கும் தெரிந்த கடைதான். முன்பக்கம் துணி வியாபாரம், பின்பக்கம் தையல். பிரான்சில் குடியேறிவிட்ட புதுச்சேரிக் குடும்பங்கள் லீவுக்கு ஊருக்கு வந்தால், அங்கே போய் நாலு சட்டை தைத்துக்கொள்ளாமல் திரும்ப மாட்டார்கள்.

"இப்பல்லாம் வர்றவங்க கொறஞ்சிட்டாங்க. பிள்ளைங்க தலையெடுத்துருச்சு, அதுங்களுக்குக் கடை ஞாபகம் இல்ல. எல்லார் மெயில் ஐடியும் எங்கிட்ட இருக்கு. ஒரே தடவையில எல்லாருக்கும் அழகா ஒரு மெயில் போவணும். புதுசா ஒருத்தர் வந்தா அவங்க பேரும் தானா சேரணும். முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்றேன். நான் அதுவரை அப்படி ஒன்றைச் செய்ததில்லை என்பதைச் சொல்லவில்லை.

கடையில் பில் போட ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் பெயர், ஊர், சட்டை அளவு, பேன்ட் அளவு எல்லாம் அதில் இருந்தன. இன்னொரு பக்கம், மொத்தமாக மெயில் அனுப்பித் தருகிற சேவை ஒன்று இணையத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. நடுவில் நின்று இதன் தகவலை எடுத்து அதற்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்க, எங்களிடம் ஒரு தகவல் இணைப்பு மென்பொருள் இருந்தது. திரையில் இடப்பக்கம் ஒரு பெட்டி, வலப்பக்கம் ஒரு பெட்டி. இந்தப் பெட்டியின் 'பெயர்' என்ற கட்டத்திலிருந்து அந்தப் பெட்டியின் 'பெயர்' என்ற கட்டத்துக்கு மவுஸால் ஒரு கோடு இழுக்க வேண்டும். ஓடவிட்டால் கோட்டின் மேல் ஒரு எண் ஏறிக்கொண்டே போகும். எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

சொல்வதற்குச் சுலபம். மெயில் சேவை எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. சாவி போல அவர்கள் கொடுத்திருந்த நீளமான எழுத்துக் கோவையைப் போட்டால், தவறு என்று சிவப்பில் பதில் வரும். நகல் எடுக்கும்போது அதன் வாலில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பசியே மறந்துபோனது. அது சரியானதும் அடுத்தது. பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் சாய்வாக ஒரு சின்னக் கோடு வருமே, அந்த எழுத்தெல்லாம் மறுபக்கம் போனதும் கிறுக்கலாக மாறின. ஊர்ப் பெயர்கள் உருத்தெரியாமல் போயின.

அந்த அக்கா தினமும் கடைக்குப் போகிற வழியில் வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவருக்குப் பள்ளியில் படித்த பிரெஞ்சு நன்றாகத் தெரியும். கிறுக்கலைப் பார்த்து, "இது லியோன் பக்கத்துல ஒரு ஊரு. இது... யா அல்லாஹ், இது என்னன்னு அவங்களுக்கே தெரியாது" என்பார். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். எழுத்துகளை இரண்டு பக்கமும் ஒரே முறையில் படிக்க வைக்க வேண்டும் என்று கடைசியில் பிடிபட்டது. ஒரே ஒரு அமைப்பை மாற்றினேன். ஓடவிட்டேன். கோட்டின் மேல் எண் கடகடவென்று ஏறியது. ஊர்ப் பெயர்கள் தலையில் கோடு மாறாமல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. இரண்டு பேரும் எழுந்து நின்று கைதட்டினோம். கீழே மோட்டார் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று படியில் பாதிவரை ஏறி வந்துவிட்டார்.

மெயிலை அக்காவே பிரெஞ்சில் எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'அன்புள்ள முசியே அவர்களுக்கு, நீங்கள் கடைக்கு வந்து வெகு நாளாகிறது. உங்கள் அளவு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. இந்த ஜூலையில் ஊருக்கு வந்தால் அவசியம் வாருங்கள். துணி எடுத்து வைத்திருக்கிறோம்.' பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம் தரும் அந்த முசியேவுக்குப் பின்னால் ஒவ்வொருவர் பெயரும் தானாக வந்து விழும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காகக் கடை மூடியிருந்த நேரத்தில் அக்கா ஆபீசுக்கு வந்தார், ஒரு டப்பா நிறையக் கடற்பாசி இனிப்போடு. ரோஸ் நிறத்தில் ஒன்று, பால் வெள்ளையில் ஒன்று. பிஸ்மி சொல்லி அவரே பொத்தானை அழுத்தினார். மெயில்கள் போயின. நாங்கள் கடற்பாசி தின்றோம்.

மறுநாள் நான் ஸ்கூட்டியை நிறுத்தவில்லை, அதற்குள் போன். "நீ நேரா கடைக்கு வா. எதுவும் கேக்காத, வா" என்றார் அக்கா.

போனபோது கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தோளில் அளவு நாடா. போன் மேசைமேல் ஸ்பீக்கரில் இருந்தது. மறுமுனையில் பிரான்சிலிருந்து ஒரு பெண் பேசினார். 

"எங்கப்பா தவறிப்போயி எவ்ளோ வருஷம் ஆச்சு பாய். அவருக்குப் போயி, உங்க அளவு பத்திரமா இருக்குது, சட்டை தைக்க வாங்கன்னு எழுதியிருக்கீங்களே. விடிஞ்சும் விடியாம காபியோட அத்தப் படிச்சிட்டு நான் எப்டி இருப்பேன்?"

 அக்கா என் காதில் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கடையில் ஒவ்வொரு குடும்பமும் முதன்முதலில் வந்த பெரியவரின் பெயரில்தான் பதிவாகியிருந்தது. பிற்பாடு பிள்ளைகள் வந்தபோது அவர்களுடைய மெயில் முகவரியை அதே பதிவில் சேர்த்திருக்கிறார்கள். பெயர் அப்பாவுடையது, முகவரி பிள்ளையுடையது. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்து அந்தக் குடும்பங்களை அந்தப் பெயரில்தான் தெரியும். அதனால் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாகப் படவில்லை. எனக்கோ எல்லாமே வெறும் கட்டங்கள். நான் இழுத்த கோடு வழியாக எல்லா மெயிலும் அப்பாக்களின் பெயரோடு போய்விட்டது.

கடைக்காரர் போனுக்குக் கிட்டே குனிந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நீ பெரியவளா, சின்னவளா?"

"சின்னவ."

"சட்டையில மேல ரெண்டு பாக்கெட் வைக்கச் சொல்வாரு உங்கப்பா. யாரும் அப்டி வைக்க மாட்டாங்க. ஒண்ணு கண்ணாடிக்கி. இன்னொண்ணு எதுக்குன்னு கேட்டேன். சின்னது மிட்டாய் தேடும் பாய்னாரு. அது நீதானா?"

 மறுமுனையில் அழுகிற சத்தம்.  அழுகை எந்த இடத்தில் சிரிப்பாக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை.

"அந்தப் பாக்கெட்ட மறந்தே போயிட்டேன் பாய். மெர்சி. ரொம்ப மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

போனை வைத்தபிறகு நான் அவசர அவசரமாகச் சொன்னேன்: "அய்யா, இன்னிக்கே எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் போட்டுடறேன். கோட்ட மாத்திடறேன்."

"இரும்மா. அவசரப்படாத. இன்னும் யாரு இன்னா சொல்றாங்கன்னு பாப்போம்" என்றார்.

சொன்னார்கள். அன்று மதியத்துக்குள் பதில்கள் வர ஆரம்பித்தன, வாரம் முழுக்க வந்தன. ஒரு மகன், தன் அப்பா அந்தக் கடையில் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு விமானத்தின் முன்னால் நிற்கிற படத்தை அனுப்பியிருந்தார். கை கொஞ்சம் நீளமாக இருந்தது. கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்து, "குளுர் ஊருக்குப் போறேன், கை நீளமா வைன்னு அவருதான் சொன்னாரு. எம்மேல தப்பில்ல" என்றார். அண்ணன் தம்பிகள் நாலு பேர், தனித்தனி ஊர்களில் இருப்பவர்கள், ஒரே மெயில் தங்கள் எல்லாருக்கும் அப்பா பெயரில் வந்ததால் நெடுநாள் கழித்து ஒருவரோடொருவர் போனில் பேசிக்கொண்டதாக எழுதினார்கள். ஒருவர் மட்டும், தன் முகவரியை எடுத்துவிடும்படி ஒற்றை வரியில் கேட்டிருந்தார். எடுத்துவிட்டோம்.  அன்று கடைக்காரர் டீயைக் குடிக்காமல் ஆறவிட்டதைப் பார்த்தேன்.

மற்ற எல்லாருக்கும் அவரே பதில் சொன்னார். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல அக்கா தட்டச்சு செய்வார். நானும் வேலை முடிந்து அங்கே போய்விடுவேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. கேட்பதற்காகவே போனேன். யார் கழுத்துப் பட்டன் போட மாட்டார், யார் பெண்சாதிக்குத் தெரியாமல் இரண்டாவது சில்க் சட்டை தைத்துக்கொண்டார் என்றெல்லாம் அவர் சொல்வார். "அத்தா, இதையுமா எழுதணும்?" என்று அக்கா கேட்பார். "எழுது, எழுது. இப்ப யாரு கோச்சிக்கப் போறாங்க?"

ஒருவழியாகத் திருத்தும் வேலைக்கு உட்கார்ந்தோம். பிள்ளைகளின் பெயருக்குத் தனியாக ஒரு கட்டம் சேர்த்தோம். அப்பா பெயருக்குப் போன கோட்டை அழிக்கப் போனேன். கடைக்காரர் தடுத்தார்.

"அது இருக்கட்டும்மா. ரெண்டும் போவ முடியாதா?"

போக முடியும். இரண்டு கோடுகள் இழுத்தேன். அடுத்த மெயில், இன்னாரின் மகனுக்கு, இன்னாரின் மகளுக்கு என்று ஆரம்பித்தது. அதற்கான வார்த்தைகளைப் பிரெஞ்சில் சரியாகக் கோர்க்க அக்கா ஒரு முழு மதியம் எடுத்துக்கொண்டார்.

ஜூலை வந்தது. அந்த வருடம் கடையில் நிற்க இடமில்லை. மிட்டாய்ப் பாக்கெட் பெண்மணி வந்தார். தன் மகனுக்குச் சட்டை தைக்கக் கொடுத்து, மேலே இரண்டு பாக்கெட் வைக்கச் சொன்னார். அந்தப் பையன் வெட்கத்தில் நெளிந்தான். என்னைக் காட்டி, "மெயில் அனுப்புன பொண்ணு இதான்" என்று கடைக்காரர் சொல்ல, அந்தப் பெண்மணி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன்.

நான் மறக்கவே முடியாதது அதற்கடுத்த வாரம் நடந்தது. கடை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு மிக வயதான ஒருவர் இறங்கினார். தொப்பி, வெள்ளைப் பேன்ட், மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. அந்த முதல் மெயில் யாருடைய பெயருக்குப் போயிற்றோ அவர்களில் உயிரோடிருந்த ஒருவர். மகன் படித்துக் காட்டியிருக்கிறார். உடனே பயணச்சீட்டு எடுக்கச் சொல்லி வீட்டில் ஒரே பிடிவாதமாம்.

"இன்னா பாய், என் அளவு பத்திரமா வச்சிருக்கியாமே?"

"வச்சிருக்கேன் முசியே. வந்து உக்காருங்க."

"அது தப்பு. நான் பாதியா போயிட்டேன். புதுசா எடு."

கடை முழுக்கச் சிரித்தது. கடைக்காரர் நாடாவை எடுத்தார். பெரியவர் தொப்பியைக் கழற்றிப் பேரனிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். கடைக்காரர் தோள், மார்பு, கை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அக்கா கணினியில் பழைய எண்களை மாற்றிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் பெரியவர், "பார், பார், சொன்னேன்ல" என்று ஏதோ ஜெயித்தவர் போல எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அளவு எடுத்து முடிந்ததும் பெரியவர் என்னிடம் வந்தார்.

"நீதான் அந்த மெயிலுக்காரியா? எனக்கும் ஒண்ணு போட்டுக்குடு. எல்லாத்துக்கும் எம்மவன்தான் படிச்சுக் காட்டணுமா?"

அங்கேயே உட்கார்ந்து அவருக்கு ஒரு மெயில் முகவரி தொடங்கிக் கொடுத்தேன். முதல் மெயில் யாருக்கு என்று கேட்டேன். மகனுக்கு என்றார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். பேரன் உதவ வந்தபோது கையைத் தட்டிவிட்டார். அவர் பிரெஞ்சில் எழுதியதை அக்கா எட்டிப் பார்த்து எங்களுக்குத் தமிழில் படித்தார்: 'சட்டைக்குக் கொடுத்துவிட்டேன். உனக்கும் ஒன்று தைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் அளவு என்ன?'