சும்மா நடக்கிறோமுங்க

பின்லாந்தின் டாம்பரே நகரில் வெயில் அடிக்கிற நாளில் நான் செய்யும் முதல் வேலை ஜன்னல் திரையை இழுத்து மூடுவது. பத்து வருடமாகியும் கை சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஒருமுறை எதிர்வீட்டு ரீத்தா கதவைத் தட்டி, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். "வெயில் அடிக்கிறதே, அதனால் மூடினேன்" என்றேன். என் ஃபின்னிஷ்தான் தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டு, "வெயில். வெளியே" என்று வாசலைக் காட்டி நிறுத்தி நிறுத்தி விளக்கினாள் பாவம். அவள் வீட்டார் நான்கு பேரும் அப்போது புல்தரையில் அப்பளமாகக் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஊரில் பிறந்தவள் என் மகள் மதி. எட்டு வயது. இந்த மே மாதம் அவளை ராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு அழைத்துவந்தேன். நேரம் பார்த்துத்தான் வந்தோம். கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். அண்ணனும் அவர் மனைவியும் குழந்தை கருகிவிடுவாள் என்று பயந்து, ஏசி அறையில் வைத்துப் பூட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டார்கள். இளநீர் உள்ளே வந்தது, நுங்கு உள்ளே வந்தது, மதி மட்டும் வெளியே வரவில்லை. நான்காம் நாள் காலையில், "அம்மா, நாம எப்ப வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்டாள். "இதுவும் வீடுதானே" என்றேன். "இது ரூம்" என்றாள். அடுத்த வருடம் இவள் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

அன்று பத்தரை மணிக்குக் கரண்ட் போனது. மதி எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு, "கேவெலு போலாமா?" என்றாள். நடைக்கு ஃபின்னிஷில் அதுதான் பெயர். நங்கையா, அதாவது என் அண்ணன் மனைவி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கேவலமா? யாரு அம்மிணி என்ன சொன்னா?" என்று பதறினார். நான் விளக்கியதும், "இந்த வெயில்ல நடக்கறதும் அதுவும் ஒண்ணுதான்" என்றார். கெட்ட வானிலை என்று ஒன்று கிடையாது, தப்பான உடுப்புதான் உண்டு என்பது மதி படிக்கும் பள்ளியின் வேதவாக்கு. பனி கொட்டினாலும் இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியே துரத்திவிடுவார்கள். அதை அவள் சொல்ல, நான் நனைத்த துண்டு, குடை, இரண்டு பாட்டில் தண்ணீரோடு கிளம்பினேன். நங்கையா என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

தார் ரோட்டில் கானல் தண்ணீர்போல மினுங்கியது. இருபுறமும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடு, தூரத்தில் கோழிப்பண்ணை. நூறடி போகவில்லை, புல்லுக்கட்டோடு வந்த மொபெட்காரர் காலை ஊன்றி நின்றார்.

"ஏனுங்க, வண்டி நின்னு போச்சுங்களா?"

"இல்லீங்க. சும்மா நடக்கிறோமுங்க."

"சும்மாவா?" அவர் குழந்தையைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். "புல்லுக்கட்ட எறக்கிப் போட்டர்றேன், ஏறுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதற்குள் முட்டை வண்டி வந்து நின்றது. அடுத்து ஒரு டிராக்டர், அதற்குப் பின்னால் ஒரு பால் வண்டி. டாம்பரேயில் ஒரு குளிர்காலத்தில் நான் பனியில் வழுக்கி மல்லாந்து விழுந்தபோது, ஒருவர் மரியாதையான தூரத்தில் நின்று, "எழுந்துவிடுவீர்கள்தானே?" என்று உறுதி செய்துகொண்டு போனார். இங்கே நேராக நடப்பவளைத் தூக்க ஊரே வரிசையில் வந்தது. மதிக்கு இது பிடித்துப்போனது, நின்ற வண்டிகளை எண்ணத் தொடங்கினாள். பின்னால் ஹாரன் கேட்டதும், "அம்மா, அஞ்சு!" என்று விரலை நீட்டினாள்.

ஐந்தாவதாக வந்தது பக்கத்து வீட்டு சரசக்கா. ஸ்கூட்டரை அணைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஊட்ல சண்டையா அம்மிணி? நங்கையா ஏதாச்சும் சொல்லிப்போட்டாளா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்தினேன். அழுகையை அடக்குகிறேன் என்று அவர் முடிவு செய்துவிட்டார். "அளுவாத சாமி" என்று என் தோளைத் தட்டிவிட்டு, ஊரை நோக்கி வண்டியை விரட்டினார்.

வளைவு தாண்டியதும் ஒரு தோட்டத்தில் போர்வெல் லாரி உறுமிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறப் புழுதி தென்னை உயரத்துக்கு எழும்பியது. மதி என் கையை உதறிவிட்டு ஓடினாள். வேப்பமரத்தடியில் தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அது எரியுதா?" என்று கேட்டாள் மதி.

"தண்ணி தேடறோம் சாமி" என்றார் அவர்.

"கிடைச்சுதா?"

அவர் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாள்தான், "இது மூணாவது போருங்க. ரெண்டுலயும் பொகைதான், சொட்டுத் தண்ணி வரலைங்க" என்று என்னிடம் சொன்னார். மகளின் வாயைப் பொத்தலாம் போலிருந்தது. கிளம்பவும் மனம் வரவில்லை, அவர்களோடு உட்கார்ந்துவிட்டோம். இரும்பு ராடு மேல் ராடாகக் குழிக்குள் இறங்கியது. எங்கள் இமைகளெல்லாம் வெளுத்தன. மதி தோட்டத்துக்காரரைப் பார்த்துப் பார்த்து, அவரைப் போலவே முழங்காலைக் கட்டிக்கொண்டு குழியைப் பார்த்தபடி இருந்தாள்.

திடீரென்று சத்தம் மாறியது. புழுதி கறுத்துச் சேறாகத் தெறித்தது. பிறகு, நம்ப முடியவில்லை, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு மேலே போய் மழையாகக் கொட்டியது. லாரி ஆட்கள் கத்தினார்கள். நான் பிடிப்பதற்குள் மதி அதற்குள் புகுந்துவிட்டாள். இழுத்துவரத்தான் போனேன். தலையில் அந்தக் குளிர்ந்த சேற்றுத் தண்ணீர் விழுந்ததும் எதற்கு வந்தேன் என்பது மறந்துபோனது. அந்த அம்மாளும் நானும் மதியும் கைகோத்துக் குதித்தோம். தோட்டத்துக்காரர் மட்டும் வரவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. மதி குதிப்பதை நிறுத்திவிட்டு அவரிடம் போய், "கிடைச்சிருச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். அவர் அவள் தலையில் கைவைத்து, "ஆமா சாமி, கெடச்சிருச்சு" என்றார்.

அந்த நேரத்தில்தான் அண்ணனின் பைக் வந்து நின்றது. சேறு பூசிய என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுனாலும் ஊட்ல பேசிக்கலாம் அம்மிணி, வா" என்றார். "உங்க நங்கையா அளுதுட்டு உக்காந்திருக்கறா. நேத்துக் கொழம்புல உப்புன்னு நீ சொன்னியாமே?"

சொன்னது உண்மைதான். அதற்காகப் பிள்ளையோடு வெளியேறுகிறவள் நானில்லை என்று புரியவைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், "அப்பறம் எதுக்கு நடந்தீங்க?" என்று கேட்டார். அது மட்டும் அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

மதியை முன்னால் டேங்கில் உட்காரவைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். சூடான காற்றில் மதி கத்தினாள்: "அம்மா, ஊருக்குப் போனதும் எல்லார்கிட்டயும் இதைச் சொல்லணும்!"

"இதா, ஊரு வந்திருச்சே சாமி, சொல்லு" என்றார் அண்ணன்.

மதி எதிரே தெரிந்த வீடுகளைப் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்கு மேலாக எட்டி என்னைப் பார்த்தாள், எந்த ஊர் என்று நான் சொல்வேன் என்பதுபோல. எங்கள் இருவருக்கும் நடுவில் அண்ணன் மட்டும் ஒரு சந்தேகமும் இல்லாமல் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.