ராசா வந்து சேர்ந்த வழிகள்

ருவான்வெல்லைப் பழைய கோட்டையின் கல்வாசலைக் காட்டி, அது கட்டப்பட்ட கதையை வழிகாட்டிப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்த கல்லிலிருந்து பாசி வாசம் எழுந்தது. எனக்குச் செல்வி அக்காவின் குரல்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரப்பர் தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து அக்கா என்னை இங்கே நடத்திக் கூட்டிவருவாள். "இங்கதாண்டி ராணி நின்னா. சண்டைக்குப் போன ராசா வருவாருன்னு பாத்துக்கிட்டே நின்னா" என்பாள். வாராவாரம் ராசா வேறு வழியில் வந்து சேருவார். ஒருமுறை தெப்பத்தில், ஒருமுறை ஆனைமேல். எல்லாம் அவளே கட்டிய கதைதான்.

அக்காவுக்குக் கல்யாணமானது. தோட்டத்து ஆட்களை இரண்டு அரசாங்கமும் பங்கு போட்டுக்கொண்டதில், மச்சான் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது. எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. இந்தியாவுக்குக் கப்பலேறப் புறப்படுவதற்கு முந்தின நாளும் என்னை இங்கே கூட்டிவந்தாள்.

"கதை சொல்லுக்கா."

"இன்னைக்கி ராசா வரலடி." என் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். "இனிமே நீயே சொல்லிக்க."

ஆறே மாதத்தில் மச்சானின் கடிதம் வந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாது. பத்து வயதில், லயத்து வாசலில் நின்று நான்தான் உரக்க வாசித்தேன். போய் இறங்கிய முகாமிலேயே காய்ச்சல் கண்டு அக்கா செத்துப்போயிருந்தாள். அந்த வரியில் நிறுத்தத் தெரியாமல், மச்சானின் கையெழுத்துவரை வாசித்து முடித்தேன்.

"முந்தி இங்க வந்திருக்கீங்களாம்மா?" என்று வழிகாட்டிப் பெண் கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன்.