இரண்டாவது ஜாய்ஸ்டிக்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பதினொரு கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பு. எது எந்த மாடியில் முனகும், எது கதவை இரண்டு தடவை திறந்து மூடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பொய் சொல்லத் தெரியாது, கோபப்படத் தெரியாது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அது எட்டிப் பார்க்கிறது. இந்த மனுஷன்மேல் உனக்கென்ன குறை என்று கேட்பீர்கள். ஒரே குறைதான். பார்ட்னர்.

பார்ட்னர் என்பவள் அவருடைய சின்ன வயதில் பக்கத்து வீட்டில் இருந்த பெண். இப்போது வேறு ஊரில் பல் டாக்டர். அவளுக்கும் கணவர், பிள்ளைகள் எல்லாம் உண்டு. தெரியும், எனக்கு எல்லாம் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுவார்களாம். மஞ்சள் கேசட் ஒன்று. நீலச் சட்டைக்காரனும் சிவப்புச் சட்டைக்காரனும் சுட்டுக்கொண்டே காட்டுக்குள் ஓடுவார்கள். இவர் நீலம், அவள் சிவப்பு.

அந்த ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. உங்கள் லைஃப் எல்லாம் தீர்ந்துபோனால், இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால் போதும், கூட ஆடுகிறவரின் லைஃப் ஒன்று உங்களுக்கு வந்துவிடும். அவருடைய சம்மதமெல்லாம் தேவையில்லை.

"பார்ட்னர்கிட்ட கேக்கவே மாட்டேன். செத்தா அவளோடதுல ஒண்ணை எடுத்துப்பேன், அவ்வளவுதான்" என்று கல்யாணமான முதல் மாதம் சொன்னார். இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு வயிறு எரியும்.

நாலு மாதத்துக்கு முன்னால் மாமியார் வீட்டை ஒழித்தபோது அந்த வீடியோ கேம் பெட்டியும் கேசட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் பின்னால் நெயில் பாலிஷால் போட்ட சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டுமா என்ன?

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது என் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விரல் சொல்லிவிடும். இந்த விரலுக்கு நாலு பட்டன் எம்மாத்திரம்? புதன்கிழமை எனக்கு லீவு. அவர் வேலைக்குப் போனதும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்த புதன்களும் உண்டு.

நாலே மாதத்தில் அவரை மிஞ்சிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஆடினால் அவர் மூன்றாவது ஸ்டேஜிலேயே காலி. என் கையில் ஏழு லைஃப் இருக்கும். எடுப்பார், இப்போது எடுப்பார் என்று காத்திருப்பேன். அவரோ ஜாய்ஸ்டிக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "நீ ஆடும்மா" என்பார்.

"என்கிட்டதான் ஏழு இருக்கே, ஒண்ணை எடுங்களேன்."

"பரவால்ல. உன்னோடது உன்கிட்டயே இருக்கட்டும்."

இது என்ன பேச்சு? என் சீப்பு, என் துண்டு, என் சார்ஜர் எதையும் கேட்டு எடுக்காத மனுஷன். இதற்கு மட்டும் நான் விருந்தாளி ஆகிவிட்டேன்.

போன மாதம் ஏதோ டாக்டர்கள் கூட்டத்துக்கு வந்த பார்ட்னர், வீட்டுக்கும் வந்தாள். நான் என்னென்னவோ நினைத்துவைத்திருந்தேன். வந்தவளுக்குப் பாதித் தலை நரை, குரல் மட்டும் கணீரென்று இருந்தது. கண்ணாடி ஃப்ரேம் இடது பக்கம் கோணியிருந்தது. இரண்டு நிமிடத்தில் நிமிர்த்தித் தரலாம். தரவில்லை.

பெட்டியைப் பார்த்ததும் "டேய், இது இன்னும் உயிரோட இருக்கா!" என்று கத்தினாள். சிவப்புப் புள்ளி ஜாய்ஸ்டிக்கை நோக்கி அவள் கை போவதற்குள் நான் எடுத்துவிட்டேன்.

"நாங்க ஆடறோம், நீங்க பாருங்க. ரொம்ப தூரம் வந்திருக்கீங்க, களைப்பா இருக்கும்."

அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அன்றைக்கு நாங்கள் கடைசி பாஸ், அதாவது முடிவில் வரும் பெரிய எதிரி வரை போனோம். அங்கே அவர் செத்தார். என்னிடம் கூடுதலாக ஒரே ஒரு லைஃப் இருந்தது. அவர் வழக்கம்போல ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

"இன்னுமா அந்தச் சத்தியத்தைக் காப்பாத்தறே?" என்றாள் பார்ட்னர்.

"என்ன சத்தியம்?" என்று ஆட்டத்தை நிறுத்தினேன்.

"இதே இடத்துலதாங்க, கேக்காம என்னோட கடைசி லைஃபை எடுத்துட்டான். அடுத்த குண்டுல நான் அவுட். இவன் தனியா ஜெயிச்சான். முடிவுல ஹெலிகாப்டர்ல பறக்கற படம் வரும்ல, அதுல ஒரே ஒரு ஆள். ஆறு மாசம் இவன்கூட பேசல நான். இனிமே யாரோட லைஃபையும் எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ண அப்புறந்தான் பேசினேன்."

ஆக, இருபது வருடமாக எனக்குச் சொன்னது பாதிக் கதை. மீதிக் கதை, இவளுக்குக் கொடுத்த வாக்கு. அதை இவர் என்னிடம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எடுங்க" என்றேன்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்க்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

"எடுடா, நான்தான் சொல்றேன்ல" என்றாள் அவள்.

"அவங்க சொல்லி ஒண்ணும் எடுக்க வேணாம்!" என்று ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டேன். இருந்த இரண்டு லைஃபையும் ஒரே நிமிடத்தில் கோட்டைவிட்டேன். அவள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். அப்போதும் ஃப்ரேமை நிமிர்த்தித் தரவில்லை.

ஒரு வாரம் நான் பெட்டிப் பக்கமே போகவில்லை. அடுத்த ஞாயிறு காலையில் அவரே ஒயரை மாட்டி, சிவப்புப் புள்ளியை என் பக்கம் தள்ளினார். ஆடினோம். மறுபடி கடைசி பாஸ். அவர் செத்தார். என்னிடம் கூடுதலாக ஒன்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

டக் என்று ஒரு சத்தம். மூலையில் என் கணக்கு பூஜ்யமாகியிருந்தது. பக்கத்தில் நீலச் சட்டைக்காரன் குதித்துக்கொண்டிருந்தான். ஐயோ என்று நான் வாய் பிளந்த நேரத்தில் குண்டு வந்தது. நான் அவுட்.

"கேட்டீங்களா என்னை?"

"கேக்கல" என்றார், கண்ணை எடுக்காமல். காது இரண்டும் சிவந்திருந்தன.

அவர் ஜெயித்தார். ஹெலிகாப்டர் பறந்தது. உள்ளே ஒரே ஒரு ஆள். நான் அந்தப் படம் முடியும்வரை பல்லைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"அவங்க நம்பரைக் குடுங்க" என்றேன்.

"எதுக்கு?" அவர் குரலில் பயம் தெரிந்தது.

"ஃப்ரேம் கோணியிருக்கு. அடுத்த தடவை வரும்போது நிமிர்த்தித் தர்றேன்னு சொல்லணும். அப்படியே இதையும் சொல்லணும்."