பெர்த் பாலத்துத் தூணில் வெள்ளக் கோடுகள்

சனிக்கிழமை காலை எட்டரை மணி. எடின்பரோவில் ரயில் ஏறி உட்கார்ந்தபோதும் என் மனம் பாதி சென்னைப் பக்கம் நூம்பலில்தான் இருந்தது. அங்கே எங்கள் வீட்டைப் பார்க்க, நம்மூர் நேரப்படி மாலை ஐந்து மணிக்கு ஓர் இளம் தம்பதி வருகிறார்கள். சொந்த ஊர் தென்காசிப் பக்கம், அம்பத்தூரில் ஐடி வேலை, அந்தப் பெண் மாசமாக இருக்கிறாள். இவர்களுக்கு முன் வந்த இரண்டு பேரும், 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது தெரிந்ததும் போனவர்கள்தான், திரும்பவில்லை. இந்த வீட்டை விற்றால்தான் அம்பத்தூரில் தண்ணீர் ஏறாத மாடியில், என் முழங்கால் வலிக்கு லிஃப்டும் உள்ள ஃபிளாட்டுக்குப் போக முடியும். அதனால் சுவரிலுள்ள நீர்க்கறைமேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். எங்கள் தெருவில் வீடு விற்கிற எல்லோரும் செய்வதுதான் இது. அவசரக்காரர்கள் கறைக்கு முன்னால் பீரோவை நகர்த்தி வைப்பார்கள்.

ரயில் கிளம்பியதும் தம்பி சேகர் போன் செய்தான்.

"அக்கா, ரெண்டாவது கோட்டிங் அட்ச்சிகினு கீறாங்க. கறை இன்னும் லேசா தெரியுது. பீரோவ இயுத்துப் போட்டுடவா?"

"போடு" என்றேன்.

கிரிக்கெட் ஆடுகிற பெர்த் அல்ல, இது ஸ்காட்லாந்தின் பெர்த். எடின்பரோவில் வேலை பார்க்கும் என் மகள் கவிதா, ஒரு நாளில் பார்த்துவிடலாம் என்று அழைத்துப் போனாள். ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வழியில் கடல் கழிமுகத்தின் மேல் சிவப்பு இரும்புப் பாலம் வருகிறது. ஆயுள் முழுக்க ஆவடி மின்சார ரயிலில் நின்றே போன எனக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்த்ததே பெரிய பாக்கியம்.

பத்தேகாலுக்கு அருங்காட்சியகம். கட்டணம் கிடையாது. ஸ்காட்லாந்து மன்னர்களை மேலே உட்காரவைத்து முடிசூட்டிய கல்லை இங்கே வைத்திருக்கிறார்கள். பொன்னும் மணியும் இழைத்திருக்கும் என்று நினைத்துப் போனேன். பார்த்தால், நம் வீட்டுத் துணி துவைக்கிற கல்தான். அதற்கு ஒரு தனி அறை, காவல், வரிசை. அந்த எளிமையை மறைக்காமல் வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பிடித்துப்போயிற்று. ஊருக்கு நடுவே இருக்கும் பழைய கல் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்கு நடந்தோம்.

டே நதி அகலமாக, அவசரமாக ஓடுகிறது. மூக்கைப் பொத்தாமல் ஓர் ஆற்றின் அருகே நின்று எத்தனை நாளாயிற்று. கரை நெடுக வெள்ளத் தடுப்புச் சுவர், இடையிடையே கதவுகள். ஆறு பெருகினால் மூடிவிடுவார்களாம். வடக்கே செம்மணற்கல் பாலம், அழகான வளைவுகளோடு. அதன் தூணில் கோடு கோடாகச் செதுக்கி, பக்கத்தில் வருடங்களை எழுதியிருந்தார்கள். 1814 எல்லாவற்றுக்கும் மேலே. 1993 சற்றுக் கீழே.

நாயோடு வந்த ஒரு பெண்ணிடம் என்னவென்று கேட்டேன். நாற்பது வயதிருக்கும்.

"வெள்ளம் வந்த உயரம்" என்றாள். எதிரே ஒரு கட்டடத்தைக் காட்டினாள். "அங்கேதான் இருக்கிறேன். வீடு தேடி வந்தபோது முதலில் இந்தத் தூணைப் பார்த்தேன். அப்புறம்தான் மாடி வீடாக வாங்கினேன்."

"அப்படியானால் கீழ்வீட்டை யாரும் வாங்க மாட்டார்களா?"

"வாங்குவார்கள். தெரிந்து வாங்குவார்கள்."

நாய் இழுத்த இழுப்புக்கு அவள் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. மணி பதினொன்று ஐம்பது, நூம்பலில் நான்கு இருபது. சேகரைக் கூப்பிட்டேன்.

"பீரோவ நகத்திடு. ஜன்னல் கட்டைக்கு மேல ஒரு சாண் அளந்து பென்சில்ல கோடு போடு. பக்கத்துல ரெண்டாயிரத்துப் பதினஞ்சுன்னு எழுது."

"இன்னாக்கா ஆச்சு உனக்கு? காலைலேர்ந்து பெயிண்ட் அட்ச்சிகினு கீறோம். கோட்டப் பாத்தா எவன் வாங்குவான்?"

"வாங்காட்டி போறான். கைக்கொழந்தைய வெச்சிக்கினு அந்தப் பொண்ணு தண்ணில நிக்கணுமா?"

போனை வைத்தேன். ஃபிளாட்டு போச்சு என்று நினைத்துக்கொண்டேன். கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்கு பெர்த் நிலையத்தில் எடின்பரோ ரயிலுக்குக் காத்திருந்தோம். ஒரு டீ இரண்டு பவுண்டு எண்பது பென்ஸ். அம்பத்தூரில் பதினைந்து ரூபாய்க்கு இதைவிட நன்றாகப் போடுவார்கள். பாதி குடிப்பதற்குள் சேகர் கூப்பிட்டான்.

"வந்து பாத்துட்டுப் போய்ட்டாங்கக்கா. அந்தப் பொண்ணு நேரா போயி கோட்டுப் பக்கத்துல நின்னுச்சு. மார் வரைக்கும் வருது. வெல இன்னான்னு கேக்கும்னு பாத்தேன். 'அன்னிக்கு நீங்கல்லாம் எங்க நின்னீங்கண்ணா?'ன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"எல்லாத்தையும் சொன்னேன். நீ மேஜை மேல ஏறி நின்னது, நான் வாசக் கேட்டப் புட்ச்சிகினு கத்தினது, எல்லாம். அரை மணி நேரம் பேசிகினே இருந்தேன்கா."

அவர்கள் வாங்குவார்களா, தெரியாது. ஆனால் இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை எங்களிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்க நாங்கள் இடம் கொடுத்ததும் இல்லை.