அத்தானின் பழுப்புக் கோட்டு

ரொறன்ரோ ஓரத்து மில்லிக்கனில் என் வீட்டு வாசல் அலமாரிக்குள், குளிர்காலச் சட்டைகளுக்கு நடுவே, ஒரு பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு தொங்குகிறது. அத்தானுடையது. அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் அக்கா அதை என் கையில் தந்து, "உனக்கு அளவாயிருக்கும், போடு" என்றாள். அளவாகத்தான் இருந்தது. அதுவே எனக்கு எரிச்சல்.

அத்தான், என் அக்காவின் கணவர், நாற்பது வருடம் லண்டனில் நடிகர். மேடை, தொலைக்காட்சி, சில படங்கள். ஒரு விளம்பரத் தட்டியிலும் அவர் பெயர் வந்ததில்லை. மூலைக்கடை முதலாளி, டொக்டர், டாக்சிக்காரர், நீதிமன்றச் சாட்சி, பிரபுவுக்குத் தேநீர்த் தட்டு கொண்டுவருபவர். இரண்டு நிமிடம் வருவார், போய்விடுவார். அந்த இரண்டு நிமிடத்தை அக்கா வீடியோக் கசெற்றில் பதிந்து ரொறன்ரோவுக்கு அனுப்புவாள். அம்மா திருப்பித் திருப்பிப் போட்டு, "இஞ்ச பாருங்கோ, என்ர மருமோன்!" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவா. நானோ இங்கே பள்ளிக்கூட மண்டபங்களில் இருபத்தைந்து வருடம் ராஜா. மூன்று மணி நேரம் தலையில் மணிமுடியைச் சுமந்தவன். "கழுத்து நோகேல்லையே மோனை?" அம்மா என்னிடம் கேட்டது அவ்வளவுதான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

வயதான பிறகு அத்தானும் அக்காவும் இங்கே பக்கத்து மார்க்கம் நகரில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தார்கள். எங்கள் நாடகக் குழுவில் எல்லோரும், "அண்ணைக்கு ஒரு பாத்திரம் குடுங்கோ" என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். கொடுத்தேன். அரண்மனை வாயிற்காவலன், ஒரேயொரு வசனம். கடைசி ஒத்திகையில், நேரம் போதாது என்று சொல்லி அதையும் வெட்டினேன். என் புலம்பல் மட்டும் பதினைந்து நிமிடம்; அதில் ஒரு வரியும் குறைக்கவில்லை. அத்தான் முகம் சுளிக்கவில்லை. "உது சரிதான் தம்பி. காவல்காரன் ராசாவுக்கு முன்னால என்னத்தைக் கதைக்கிறது?" என்றார். அன்று வீட்டுக்குப் போய், அக்காவிடம் துணித்துண்டு வாங்கி, ஒரு துண்டு பனங்கட்டி வெல்லத்தை அதில் முடிந்து இடுப்பில் செருகிப் பார்த்தாராம். எந்த வேடம் போட்டாலும் அந்த ஆளுடைய பொருள் ஒன்று தன் மடியிலோ சட்டைப்பையிலோ இருக்கவேண்டும் என்பது அவர் வழக்கம். பார்க்கிறவர்களுக்குத் தெரியத் தேவையில்லையாம்.

நாடகம் நடந்தது. ராஜாவான நான், செத்துக் கிடக்கும் இளவரசனின் உடலில் விழுந்து அழுகிறேன். மண்டபம் முழுக்க என் குரல். ஆனால் ஒரு கண்ணும் என்மேல் இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். வாசலில் நின்ற அத்தான், பசித்தவர்போல இடுப்பு முடிச்சை அவிழ்த்து, பனங்கட்டியை வாய்வரை கொண்டுபோனார். அழுகிற அரசனைத் திரும்பிப் பார்த்தார். தின்னாமல் பழையபடி முடிந்துகொண்டார். அவ்வளவுதான். முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். வேண்டுமென்றே செய்தாரா, நான் வெட்டிய வசனத்துக்கு அதுதான் பதிலா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் கற்பூரம்போல எரிந்துகொண்டு கட்லட் மேசையடியில் நின்றேன். அவராகவே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "குரல் கடைசி வரிசைக்கும் நல்லாக் கேட்டது தம்பி" என்றார். அதற்குப் பிறகு என் எல்லா நாடகங்களுக்கும் வந்தார். ஒவ்வொரு முறையும் அதே வசனம். நல்லா நடிச்சாய் என்று அந்த வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று கிடந்து தவித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகவே நடித்தேன். அவர் சொல்லாமலே போய்விட்டார். ஆஸ்பத்திரியில் அவருடைய மூச்சு நின்றபோது நான் கீழே, காருக்குப் பார்க்கிங் ரசீதுத் துண்டு எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் முழங்கால் வலி. ராஜா வேடம் வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது இன்னொரு சின்ன நாடகத்தில், ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் தகப்பன். நான்கே வசனம். அத்தானின் கோட்டைப் போட்டுக்கொண்டேன். போகும்போது அந்தப் பார்க்கிங் துண்டைத் தேடி எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன். இரண்டாவது வசனத்தில் விரல் அதில் பட்டது. மிச்ச வசனங்கள் எனக்கே கேட்கவில்லை.

முடிந்ததும் அக்கா வந்தாள். "உன்ர குரல் கேக்கவேயில்லையடா தம்பி" என்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. என் நடிப்புக்கு அழுதாளா, அந்தக் கோட்டைப் பார்த்து அழுதாளா?

"செத்த மனிசனோடையும் போட்டியோ?" என்று மனைவி ஏசுகிறாள். ஓம், போட்டிதான். அடுத்த மாதம் அதே நாடகம் விட்பி நகரில். பழுப்புக் கோட்டு அலமாரியிலேயே தொங்கட்டும். துண்டை மட்டும் எடுத்து என் சொந்தக் கோட்டுக்குள் வைத்துவிட்டேன். அக்காவுக்கு முன்வரிசையில் இடம் சொல்லியிருக்கிறேன். அழுகிறாளா, பார்ப்போம்.