மூன்று தரம் கூப்பிட்ட பிளேட்டு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மோகினி சுண்ணாம்பு கேட்டாள், முனி குறுக்கே நின்றது என்பவனை எல்லாம் 'எத்தனை மொந்தை கள்ளு உள்ளே போச்சு?' என்று கேட்டு வாயடைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது, குறைய வேண்டியதெல்லாம் அன்றைக்கே குறைந்துவிட்டது.

யுத்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்கு இடம் எடுக்கிறார்கள் என்று சர்வே வேலை மும்முரமாக நடந்தது. நான், என் தங்கை முனியம்மாவின் புருஷன் ஏகாம்பரம், இன்னும் இரண்டு பேர், எல்லாரும் நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிற ஆட்கள். திருமுல்லைவாயில் ஏரிக்கரைக்குக் கீழே கூடாரம். எங்கள் நிலத்தை நாங்களே அளந்து வெள்ளைக்காரனுக்குக் கொடுத்தோம், அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வது? ஏகாம்பரம் மட்டும் எதற்கும் முகம் சுளிக்க மாட்டான். கொஞ்சம் திக்குவாய் அவனுக்கு. யார் கூப்பிட்டாலும் 'தோ... தோ...' என்று இரண்டு தரம் தட்டித்தான் 'வரேன்' வெளியே வரும்.

மழை பிடித்துக்கொண்டது. மழையில் அளக்க முடியாது, கூடாரத்துக்குள் முடங்கிக் கிடக்க வேண்டியதுதான். பூந்தமல்லியில் தெரிந்த காபிக் கடைக்காரரிடம் போய் கிராமபோன் பெட்டியை இரவல் கேட்டேன். பாட்டு வேண்டாம், பயமுறுத்துகிற கதை பிளேட்டு ஏதாவது கொடுங்கள் என்றேன். திமிர்தான், வேறென்ன.

"கதெ பிளேட்டு ஒண்ணு கீது நைனா. மேல ஒட்டின காய்தம்கூட இல்ல, எவன் பேசினதுன்னு தெரில. கீறல் வேற. இஷ்டம்னா எத்துகினு போ," என்றார்.

மறுநாள் மத்தியானம், நல்ல மழை. சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டு நாலு பேரும் படுத்திருந்தோம். முனியம்மா வழக்கமாகச் சோறு கொண்டு வருகிற நேரம். நான் சாவி கொடுத்து முள்ளை வைத்தேன். கதையில் யாரோ ஒரு பொம்பளை மழையில் புருஷனைத் தேடிக்கொண்டு வந்து வாசலில் நின்று 'மாமா' என்று கூப்பிடுகிறாள். சரியாக அந்த இடத்தில் கீறல். முள் துள்ளித் துள்ளி அதே கோட்டில் விழுந்தது. மறுபடியும் 'மாமா', மறுபடியும் 'மாமா'.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உச்சிப் பொழுதில் வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே குரல் கொடுக்க மாட்டார்கள். மனுஷனாக இருந்தால் மூன்றாம் தரமும் கூப்பிடுவான், மற்றது கூப்பிடாது என்று கணக்கு. ஏகாம்பரம் போர்வைக்குள் அரைத் தூக்கத்தில் கிடந்தான். முதல் இரண்டு தரமும் அசையவில்லை. மூன்றாவது 'மாமா'வுக்கு எழுந்து உட்கார்ந்து, "தோ... தோ வரேன்," என்றான். முனியம்மாவும் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

அடேய், அது பிளேட்டுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் முள்ளைத் தூக்கிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சீக்கிரம் போ மச்சான், தங்கச்சி நனையுது பாரு," என்றேன். படுதாவை விலக்கிக்கொண்டு போனான். மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அவ்வளவுதான், அவன் திரும்பி வரவில்லை. பின்னாலேயே சோறு கொண்டு வந்த முனியம்மாவும் வழியில் அவனைப் பார்க்கவில்லை. கரை முழுக்கத் தேடினோம், ஏரியில் ஆள் இறக்கித் தேடினோம், ஒன்றும் கிடைக்கவில்லை. ஓவர்சியர் 'ஓடிப்போனான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊர் வாய் அதற்கு மேல். வானகரத்தில் ஒருத்தி இருக்கிறாளாம், அங்கேதான் போயிருப்பான் என்று முனியம்மாவின் காது படவே பேசினார்கள். தாலி கட்டினவன் விட்டுவிட்டு ஓடினானா, செத்தானா என்று தெரியாமல் ஒருத்தி எப்படி நடமாடுவாள்?

பொறுக்க முடியாமல் நடந்ததை அவளிடம் சொன்னேன். "அந்தப் பொட்டிய எட்டாந்து வையிண்ணே," என்றாள்.

வைத்தேன். 'மாமா' மூன்று தரம் வந்தது. அன்றைக்கு அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை. இப்போது முள் தானாகவே தாண்டியது. உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், "தோ... தோ வரேன்," என்றது.

காபிக் கடைக்காரரிடம் சொன்னதற்கு, "கதெல வர்ற ஆம்பள கொரலா இருக்கும், போ நைனா," என்றார். இருக்கட்டும். கதையில் வருகிறவனும் திக்குவானா? புருஷன் குரல் பெண்டாட்டிக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு தினமும் விளக்கு வைத்ததும் அவள் அந்தப் பிளேட்டைப் போட்டுவிடுவாள். நம் வீடுகளில் கிளம்புகிறவன் 'வரேன்' என்றுதான் சொல்வான். 'போறேன்' என்று வாய் தவறிச் சொன்னால்கூடப் பதறிப்போய்த் திருத்துவார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஊரையே எதிர்த்து நின்றாள். ஆனால் மாற்றுவதற்குப் புது முள் இல்லை. பழைய முள் பிளேட்டை அறுத்துக்கொண்டே வந்தது. தை பிறப்பதற்குள் வெறும் இரைச்சல்தான் மிச்சம்.

கடைசியாகப் போட்ட அன்றைக்கு நானும் பக்கத்தில் இருந்தேன். இரைச்சலுக்கு அடியில் 'மாமா' மூன்று தரம் கேட்டது. அப்புறம் அவன் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரித் தெளிவாக, "தோ... தோ போறேன்," என்றது.

முனியம்மா பெட்டியைப் பார்த்தபடியே, "இன்னாண்ணே சொன்னாரு?" என்றாள்.

"வரேன்னுதான்," என்றேன். அதன்பிறகு பிளேட்டில் ஒரு சத்தமும் இல்லை.

உள்ளதைச் சொல்லியிருந்தால் ஒரு கருமாதியாவது செய்து அவளை அழவிட்டிருக்கலாம். அதற்கும் எனக்குத் துப்பில்லை. இத்தனை வருஷமாகியும் நெற்றியில் பொட்டோடுதான் இருக்கிறாள். போன மாதம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அன்னிக்கி நெசமாவே வரேன்னுதானே சொன்னாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இன்னொரு கரண்டி சோற்றை என் தட்டில் வைத்தாள்.

"ஒனக்கு அப்டியாண்ணே கேட்டுச்சி?" என்றாள்.