முன்பள்ளியில் அவர் முறை வந்த நாள்

"போகாதீங்க, இங்கேயே இருங்க" என்று ஒருவரைக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இன்று வரை பதில் தெரியவில்லை.

போன வருஷம் அலுவிகாரையில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு பெண் தன் சின்ன மகளோடு குடிவந்தார். தாய் தகப்பன் இரத்தோட்டைத் தோட்டத்து ஆட்கள். கலவரத்துக்குப் பயந்து இந்தியாவுக்குப் போனவர்கள். இவர் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் முடித்தது எல்லாம் அங்கே அகதி முகாமில்தான். கணவர் பிறகு வருவதாகப் பேச்சு. சிங்களம் ஒரு சொல் தெரியாது என்பதால் ஆஸ்பத்திரிக்கும் கிராம சேவகரிடமும் நான்தான் கூடப் போனேன். என் மகள் போகும் முன்பள்ளியிலேயே அவர் மகளையும் சேர்த்துவிட்டேன்.

அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொரு நாளும் ஒரு தாய் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலைச் சாப்பாடு செய்து கொண்டுவந்து பரிமாற வேண்டும். கஷ்டப்பட்டவர் என்று டீச்சர் இவரை விட்டுவைத்திருந்தார். "நீங்களும் ஒரு முறை எடுங்க, அப்பதான் மத்த அம்மாமார் பழகுவாங்க" என்று சொன்னது நான்.

சின்னச் சின்ன இட்லியாக அவித்து ஆசையோடு கொண்டுவந்தார். நானும் பரிமாற நின்றேன். பிள்ளைகள் தட்டைப் பார்த்தபடியே இருந்தார்கள்.

"எங்கம்மா இத சாப்பிட வேணாம்னாங்க" என்றது ஒன்று.

பிறகு ஒவ்வொரு பிள்ளையாகப் பையைத் திறந்து, வீட்டில் கொடுத்துவிட்ட பேக்கரிப் பணிஸை எடுத்தது. இட்லி சாப்பிட்டது என் மகளும் அவர் மகளும்தான். அவர் மகள் பாதியில் நிறுத்தி, "எங்கம்மா கை கழுவிட்டுத்தான் செஞ்சாங்க" என்று எல்லாரிடமும் சொன்னது.

பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாமாரிடம், முன்பள்ளி கேட்டடியில் வைத்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க படிச்சவங்க, பெரிய மனசு. முகாம்ல எப்படி இருந்தாங்களோ, யாருக்குத் தெரியும்? எங்க பிள்ளைக்கு வயித்தால போனா நீங்களா வந்து பாப்பீங்க?" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் குடும்பங்களும் ஒரு காலத்தில் தோட்டத்து லயத்து அறைகளில் இருந்தவைதான். என் மகளும் அங்கேதானே போக வேண்டும் என்று நினைத்து, மேலே பேசாமல் வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து அவர் பிள்ளையை அனுப்பவில்லை. இப்போது கணவரிடமே திரும்பிப் போகிறாராம். முறையாகப் போக வழியில்லாமல், மன்னார்ப் பக்கம் படகுக்கு ஆள் பேசியாகிவிட்டது.

"பச்சப் பிள்ளைய வச்சிக்கிட்டு கடல்லயா?" என்றேன்.

துணி மடித்தபடியே சொன்னார்: "முகாம்ல கல்யாணம், கருமாதி எல்லாத்துக்கும் நான்தான்க்கா சமைப்பேன். யாரு ஆக்குன சோறுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

இருங்க என்று சொன்னால், யாரை நம்பி என்று கேட்பார். இந்த ஊரில் கைகாட்ட எனக்கு ஒரு வீடு கூடத் தெரியவில்லை. அப்படித் திரும்பி வந்தவர்களோடு பழகிய வாசகர்கள் இருந்தால், அந்தப் பிள்ளை படகில் ஏறும் முன் நான் என்ன செய்யலாம் என்று தயவுசெய்து எழுதுங்கள்.